பிரேக் காலும் பதினான்கு கிலோமீட்டரும்

தென்காசி
4.2.2024

அன்புள்ள அண்ணா,

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு பதினேழு நாள். அண்ணியின் போனில் கூப்பிட்டால், "அண்ணன் குளிக்கிறாரு" என்கிறார். ஒரு மனுஷன் ஒரே நாளில் நாலு தடவை குளிப்பதை நான் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் கடிதம். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது.

முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஜனவரி பதினெட்டாம் தேதி காலையில் உன் டிப்போவுக்குப் போய் மேலாளரைப் பார்த்தது நான்தான். "எங்க அண்ணன் ராஜமாணிக்கம், வேலூர் வண்டி டிரைவர். ரெண்டு மாசமா சரியா தூங்கல சார். பிரேக் புடிக்கிற கால் நடுங்குது. அவரை டாக்டர்கிட்ட அனுப்புங்க" என்றேன். உன்னைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார், பத்து நாள் லீவு கொடுப்பார் என்று நினைத்தேன். நீ ஏற்கெனவே பஸ் ஸ்டாண்டில் சீட்டில் ஏறி உட்கார்ந்திருப்பாய், வண்டி நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன்னை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றுவார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஆனால் நான் பார்த்ததையும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மாட்டுப் பொங்கலன்று நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரோட்டில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. நீ உட்கார்ந்த இடத்திலேயே வலது காலால் தரையை அழுத்தினாய். தட்டு கவிழ்ந்து சாம்பார் என் புடவையில் கொட்டியது. "கால் மரத்துப்போச்சு" என்றாய். மரத்துப்போன கால் அப்படிப் பாயாது அண்ணா. நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திகை தீபத்தன்று நடந்ததை அண்ணி சொன்னார். ஸ்பெஷல் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பெரியவர் வந்துவிட்டார், நீ பிரேக் போட்டாய், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்துதான் இப்படி என்றார். டாக்டரிடம் போகலாம் என்று பொங்கல் லீவு முடியும்வரை உன்னிடம் கெஞ்சினேன். நீ எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாய்.

ஜூன் மாதம் உனக்கு மருத்துவப் பரிசோதனை என்றும் அண்ணி சொன்னார். தேறினால் மறுபடியும் ஸ்டியரிங். தேறாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை டைம் ஆபீஸ். நாலு மாதம் இருக்கிறது. டிப்போவில் அனுப்பிவைத்த டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடு. கூடவே நடக்க ஆரம்பி. நான் உடற்கல்வி டீச்சராகச் சொல்கிறேன், தங்கையாகக் கெஞ்சுகிறேன்.

உன்
உண்ணாமலை



அடி அண்ணாமலை
14.2.2024

உடற்கல்வி ஆசிரியை திருமதி உண்ணாமலை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் அண்ணி ஜோதி அதை மூன்று நாள் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் போகும்போதும் வரும்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொல்லை தாங்காமல்தான் பிரித்தேன்.

தங்கள் புண்ணியத்தில் எனக்கு இப்போது என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் கோழிக்கூண்டு அளவுக்கு ஒரு டைம் ஆபீஸ். வரும் வண்டி, போகும் வண்டி நேரத்தை எழுத வேண்டும். மைக்கில், "செங்கம் வழியாக பெங்களூர் செல்லும் பேருந்து" என்று கூவ வேண்டும். என் வேலூர் வண்டி தினமும் என் கண் முன்னாலேயே வருகிறது, போகிறது. இப்போது அதை ஓட்டுகிறவன் இரண்டாம் கியரிலேயே கதற விடுகிறான். என் கண்டக்டர் திருமலை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "வாத்தியாரே, வண்டி உன்னத்தான் தேடுது" என்கிறான். எனக்கு எப்படி இருக்கும்?

இருபத்துநாலு வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் மேடையில் ஏற்றி எனக்கு விபத்தில்லா ஓட்டுநர் சான்றிதழ் கொடுத்தார்கள். அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியது யார்? தாங்கள்தான். அதே தாங்கள் டிப்போவில் போய், இவனுக்குக் கால் நடுங்குகிறது என்று சொன்னீர்கள்.

தீபத்தன்று நடந்ததில் ஒன்றுமே இல்லை. செங்கம் ரோட்டில் தற்காலிக பஸ் ஸ்டாண்ட். சாயங்காலக் கூட்டம். மலையைப் பார்த்துக்கொண்டே ஒருத்தர் குறுக்கே வந்தார். வண்டி அவர் பையைத் தொட்டு நின்றது. அவர் போய்விட்டார். டிரைவருக்கு இது தினப்படி சமாச்சாரம். இதற்கெல்லாம் டென்ஷன் என்று பெயர் வைப்பது படித்தவர்கள் வேலை.

நடக்கச் சொல்கிறீர்கள். என் வீடே கிரிவலப் பாதையில்தான் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் என் வாசலைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு போய் ஊர் சேர்த்தவன் நான். இந்த இருபத்துநாலு வருஷத்தில் ஒரு பௌர்ணமிக்குக்கூட எனக்கு லீவு கிடைத்ததில்லை. மலையை ஒரு சுற்று முழுசாக நான் நடந்ததும் இல்லை. நடப்பது பயணிகள் வேலை. ஓட்டுவது என் வேலை.

இப்படிக்கு,
ராஜமாணிக்கம்
ஓட்டுநர் (தற்சமயம் மைக்)



தென்காசி
22.2.2024

அன்புள்ள அண்ணா,

"தாங்கள்" என்று எழுதியிருந்தாய். முதலில் சிரித்தேன். அப்புறம் ஸ்டாஃப் ரூமிலேயே அழுதுவிட்டேன். நாற்பத்திரண்டு வயதில் உடற்கல்வி டீச்சர் அழுதால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

டென்ஷன் படித்தவர்களுக்குத்தான் வரும் என்கிறாய். நான் ஆறாம் வகுப்புக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். ஒரு நாய் துரத்துகிறது. நமக்கு என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது. மூச்சு வேகமாகிறது. வயிறு தன் வேலையை ஓரமாக வைத்துவிடுகிறது. ரத்தமெல்லாம் காலுக்கும் கைக்கும் பாய்கிறது. ஓடு, இல்லாவிட்டால் எதிர்த்து நில் என்று உடம்பு நம்மைத் தயார் செய்கிறது. ஓடிவிட்டால் உடம்பு தானே அடங்கிவிடும். சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும்.

இப்போது உன்னைப் பார். குறுக்கே பாயும் பைக், பின்னால் விடாமல் ஹாரன் அடிக்கும் தனியார் பஸ், பத்து நிமிஷம் லேட் என்றால் டிப்போவில் திட்டு. ஒரு நாளைக்கு நூறு நாய் உன்னைத் துரத்துகிறது. நூறு தடவையும் உன் உடம்பு ஓடத் தயாராகிறது. நீ அசையாமல் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாய். உட்காரத்தான் வேண்டும், அதுதான் உன் திறமை. ஆனால் இருபத்துநாலு வருஷமும் வண்டிதான் ஓடியது அண்ணா, நீ ஓடவே இல்லை. ஓடாத ஓட்டமெல்லாம் உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. தீபத்தன்று அது காலில் வந்து நின்றது. இது கோழைத்தனம் இல்லை. கெட்டிக்கார உடம்புக்குத்தான் இப்படி வரும்.

அதனால்தான் நடக்கச் சொல்கிறேன். நடந்தால், "ஓட வேண்டியது ஓடியாச்சு, இனி அடங்கலாம்" என்று உடம்புக்குப் புரியும். தினமும் அரை மணி நேரம் போதும். மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு சேர்த்து.

முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு. வேலூர் வண்டி ராஜமாணிக்கத்தால் சொந்த ஊர் மலையைக்கூடச் சுற்றி நடக்க முடியவில்லை என்று என் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன்
உண்ணாமலை



அடி அண்ணாமலை
12.3.2024

தங்கை உண்ணாமலைக்கு,

முடியவில்லையா? யாருக்கு? இதோ படித்துக்கொள்.

வாசலில் புறப்பாடு காலை 4.45. வாயு லிங்கம் 4.55. குபேர லிங்கம் 5.15. ஈசானிய லிங்கம் 5.40. பெரிய கோயில் ராஜகோபுரம் 5.50. அக்னி லிங்கம் 6.05. யம லிங்கம் 6.25. நிருதி லிங்கம் 6.40. வீடு 7.03. மொத்தம் பதினான்கு கிலோமீட்டர், இரண்டு மணி பதினெட்டு நிமிஷம். இது நேற்றைய கணக்கு. பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி முதல் நாள் நடந்தபோது மூன்று மணி ஐந்து நிமிஷம் ஆனது. தினமும் எழுதி வைக்கிறேன். ட்ரிப் ஷீட் எழுதிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

அரை மணி நேரம் நடக்கச் சொன்னாய். அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. நான் முழு ரூட் போகிறவன், பாதியில் திரும்பும் பழக்கம் எனக்கு இல்லை. தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சுற்று முடித்துவிடுகிறேன். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். ஜோதி விளக்கெண்ணெய் வைத்துக் கட்டுகிறாள். கட்டோடு போகிறேன்.

போன வாரம் குபேர லிங்கத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சாமியார் என்னை ஓவர்டேக் செய்தார். எழுபது வயது இருக்கும். காவி வேட்டி, வெறுங்கால், கையில் ஒரு தூக்கு. எனக்கு உள்ளே அப்படியே பற்றிக்கொண்டது. இருபத்துநாலு வருஷத்தில் ஒரு தனியார் பஸ்காரனை என்னைத் தாண்டிப் போக விட்டிருக்கிறேனா? பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து, ஈசானிய லிங்கத்தில் அவரைப் பிடித்துத் தாண்டிவிட்டேன். அவர் பாவம், நான் அவரோடு போட்டி போட்டதே அவருக்குத் தெரியாது. ரமணாசிரமம் பக்கம் காபி கடை திறக்கக் காத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் என் வேகத்தைப் பார்த்து ஒதுங்கி வழி விடுகிறார்கள்.

திருமலை கேட்டான்: "இன்னா வாத்தியாரே, சாமியாரோடல்லாம் ரேஸ் உட்றியாமே?"

"டைமுக்குப் போய்ச் சேரணும்டா" என்றேன்.

இந்த மாதக் கடைசிக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் கீழே கொண்டுவந்துவிடுவேன். உன் பிள்ளைகளிடம் இதையும் சொல்.

ஒரே ஒரு விஷயம். தூக்கம் இன்னும் வரவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

ராஜமாணிக்கம்



தென்காசி
19.3.2024

அண்ணா,

ஐயோ. உன்னை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள் என்று பார்த்தால், நீயே பஸ்ஸாகிவிட்டாயே!

தப்பு என்னுடையதுதான். உன்னைத் தெரிந்தும் உன்னிடம் சவால் விட்டேன். உன் கடிதத்தைப் படித்து முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஐம்பத்தொரு வயதில் பதினான்கு கிலோமீட்டரை இந்த வேகத்தில் நடக்கிற ஆளை எங்கள் மாவட்டப் போட்டிக்கே அழைத்துக்கொண்டு போகலாம். ஆனால் நான் உன்னை ஜெயிக்கச் சொல்லவில்லை. நூறு நாய் துரத்துகிறது என்று சொன்னேன். நீ வாட்ச் என்று நூற்றோராவது நாயை வாங்கி வளர்க்கிறாய். பின்னே எப்படித் தூக்கம் வரும்?

இனிமேல் இதுதான் விதி. பக்கத்தில் நடப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். பாதியில் மூச்சு வாங்கினால் வேகம் ஜாஸ்தி என்று அர்த்தம். வாட்சைக் கழற்றிப் பீரோவில் வை. அண்ணியைக் கூட்டிக்கொண்டு போ. அவரோடு நடந்தால் உன்னால் வேகமாகப் போகவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது. கொப்புளம் ஆறும்வரை ஒரு வாரம் நடக்கவே கூடாது. இது கெஞ்சல் இல்லை, உத்தரவு.

உண்ணாமலை



அடி அண்ணாமலை
2.4.2024

அன்புள்ள பாப்பா,

உன் உத்தரவு ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது.

போன மாதம் இருபத்தொன்றாம் தேதி. யம லிங்கத்துக்கு நூறு அடி முன்னால் இரண்டு காலேஜ் பசங்கள் என்னைத் தாண்டினார்கள். விடக்கூடாது என்று எட்டிப் போட்டேன். நெஞ்சு அடித்த அடி காதில் கேட்டது. சட்டை நனைந்துவிட்டது. கண் இருட்டி, ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூ விற்கும் ஒரு அம்மா தண்ணீர் கொடுத்து, "உக்கார்றதுக்கு உனக்கு வேற எடமே கெடைக்கலியா சாமி, எமன் வாசல்தான் கெடச்சுதா?" என்று கேட்டார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

திருமலைதான் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனான். ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை, பிரஷர்தான் எக்கச்சக்கம் என்றார்கள். "உங்களை யாருங்க இப்படி ஓடச் சொன்னது?" என்று டாக்டர் திட்டினார். தங்கை என்று வாய் வரை வந்துவிட்டது. நீ சொன்னது அரை மணி நேரம்தான் என்பதால் அடக்கிக்கொண்டேன். மறுநாள் உன் கடிதம் வந்தது.

ஒரு வாரம் சும்மா இருந்தேன். அப்புறம் ஜோதியோடு புறப்பட்டேன். வாட்ச் பீரோவில். முதல் நாள் வாயு லிங்கம் வரைக்கும் போய்த் திரும்பினோம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஜோதி பேச்சை நிறுத்தவே இல்லை. யார் வீட்டில் கல்யாணம், யார் மாடு கன்று போட்டது, எனக்கு ஒன்றுமே தெரியாமல்தான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் நாங்கள் பேசியதே இல்லை. நான் வருவேன், சாப்பிடுவேன், டூட்டிக்குப் போவேன். அவ்வளவுதான்.

நாலாம் நாள் அவளாகவே கேட்டாள். "தீபத்தன்னிக்கு இன்னாதான் ஆச்சு? இப்பனா சொல்லு."

சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். நீ எழுதச் சொல்லிக் கேட்கவில்லை, ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும். வண்டி நின்றபோது அந்தப் பெரியவர் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்குக் கீழே போய்விட்டார். மூன்று வினாடி இருக்கும். அந்த மூன்று வினாடியும் நான் ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன் என்றே நம்பினேன் பாப்பா. வீடு, ஜோதி, சான்றிதழ், எல்லாம் போய்விட்டது. அப்புறம் அவர் நிமிர்ந்தார். கீழே விழுந்த பையை எடுத்திருக்கிறார். பஸ்ஸைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜனங்கள் சிரித்தார்கள். நான் வண்டியை எடுத்துவிட்டேன். அதோடு இரண்டு ட்ரிப் அடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர் இதையெல்லாம் சொன்னால் எவன் ஏறுவான்?

சொல்லி முடித்ததும் நடந்துகொண்டிருந்த கால் நடுங்க ஆரம்பித்தது. ஜோதி உட்காரச் சொன்னாள். வேண்டாம் என்று மெதுவாக நடந்தேன். நடுங்கிக்கொண்டே நடந்தேன். வீட்டு வாசலுக்கு வரும்போது நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் நாலு மாதத்தில் முதல் தடவையாக முழுசாகத் தூங்கினேன். ஜோதி டூட்டிக்கு எழுப்ப வேண்டியதாகிவிட்டது.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கடிதமே எழுது. போனில் நாம் இரண்டு பேரும் கத்தத்தான் செய்வோம்.

இப்போது என் முறை. பொங்கலுக்கு வந்தபோது உன் பையில் தூக்க மாத்திரை அட்டையைப் பார்த்ததாக ஜோதி சொன்னாள். ஜில்லா அளவில் எண்ணூறு மீட்டர் ஓடி ஜெயித்தவள் நீ. என் வண்டியில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவன் நான். ஊருக்கெல்லாம் நடக்கச் சொல்கிறாயே, நீ கடைசியாக ஓடியது எப்போது?

அண்ணன்
ராஜமாணிக்கம்



தென்காசி
5.5.2024

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்குத் தேர்தல் வேலை ஒரு காரணம். உன் கேள்வி இன்னொரு காரணம். நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷமாக நான் ஓடவில்லை.

பள்ளிக்கூடத்தில் எது வந்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பிள்ளைகளின் உயரம், எடை, செருப்பு அளவு, எல்லாம். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று என்னை ஆபீஸ் ரூமில் உட்கார வைத்தார்கள். என் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்டார், கொடுத்தேன். அறிவியல் டீச்சர் கேட்டார், கொடுத்தேன். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. வெயிலில் நிற்க வேண்டாமே. அப்புறம் கழுத்து வலி, பிள்ளைகள் மேல் எரிச்சல், படுத்தால் நாளைக்கு ஏற்ற வேண்டிய கணக்கு. ஆறாம் வகுப்புக்கு நாய்க் கதை சொல்கிறேன் என்று உனக்கு எழுதினேனே, அது மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னது.

மாட்டுப் பொங்கலன்று உன் காலைப் பார்த்ததும் எனக்கு ஏன் அவ்வளவு பதறியது என்று இப்போதுதான் புரிகிறது. என்னைப் பார்க்கப் பயந்துகொண்டு உன்னைப் பார்த்திருக்கிறேன். உன்னை மேலாளரிடம் காட்டிக்கொடுப்பது சுலபமாக இருந்தது. நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்தக் காலோடு நீ வண்டி எடுத்திருக்கக் கூடாது. ஆனால் செய்த விதம் தப்பு. "அண்ணா, நாளைக்கு டிப்போவுக்குப் போய்ச் சொல்லப்போறேன்" என்று உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். நீ அடித்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் போனதற்கு என்னை மன்னித்துவிடு.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். கோகோ பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகள் நான் ஷூ கட்டுவதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், "மிஸ், நீங்களும் ஓடுவீயளோ?" எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஒரு சுற்று ஓடினேன். இரண்டாவது சுற்றில் பாதி நடந்தேன். அந்தப் பெண் என் கூடவே வந்து, "மெள்ள வாங்க மிஸ், ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். இப்போது நாலு சுற்று ஓடுகிறேன். பத்தொன்பது பிள்ளைகள் என்கூட ஓடுகிறார்கள். கழுத்து வலி பாதி போய்விட்டது. மாத்திரையை டாக்டரைக் கேட்டுக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

வருஷக் கடைசிக் கூட்டத்தில் கணக்கு டீச்சர் அடுத்த வருஷத்துக்கும் என் பீரியடைக் கேட்டார். தரமாட்டேன் என்றேன். தலைமை ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். நானும் நிமிர்ந்தே பார்த்தேன். நீ அங்கே இருந்திருந்தால் விசில் அடித்திருப்பாய்.

ஜூன் பரிசோதனை எப்படி முடிந்தாலும் சரி. இனிமேல் உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பீற்றிக்கொள்வதைத் தவிர.

உன்
உண்ணாமலை



அடி அண்ணாமலை
23.6.2024

அன்புள்ள பாப்பா,

பரிசோதனை என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள நீ நேராகக் கடைசி வரிக்குப் போவாய். போகாதே. வரிசையாகப் படி.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு நான் லீவு போட்டேன். சாயங்காலம் நானும் ஜோதியும் வாசலில் இறங்கி நடந்தோம். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது, வாட்ச் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. வழி நெடுக என்னை ஆயிரம் பேர் ஓவர்டேக் செய்திருப்பார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். செங்கம் ரோட்டில் ஸ்பெஷல் வண்டிகள் வரிசையாக நின்றன. நம்ம டிப்போ டிரைவர்கள் என்னைப் பார்த்துவிட்டு ஒருத்தன் விடாமல் ஹாரன் அடித்தார்கள். அவ்வளவு ஹாரன் சத்தத்திலும் என் கால் சும்மா நடந்தது. ஜோதி குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுரோட்டில்! கல்யாணத்தன்று பிடித்தது.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன். மே மாதத்திலிருந்து டிப்போவுக்குள் மட்டும் வண்டி நகர்த்த எனக்கு அனுமதி கொடுத்தார்கள். கழுவுகிற இடத்திலிருந்து டீசல் போடுகிற இடம் வரைக்கும். இருநூறு அடி தூரம். முதல் நாள் சீட்டில் உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்புவாயா? நம்பு. காலையில் மலை, பகலில் மைக், மத்தியானம் இருநூறு அடி. இப்படியே ஆறு வாரம் போனது. பிரஷர் இறங்கிவிட்டது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

பதினான்காம் தேதி பரிசோதனை. பதின்மூன்றாம் தேதி மத்தியானம் டீசல் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன், டயர் உருட்டிக்கொண்டு ஒரு மெக்கானிக் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். பிரேக் போட்டேன். சுத்தமாக நின்றது வண்டி. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அப்புறம் கால் நடுங்கியது. முன்பெல்லாம் அரை நாள் நடுங்கும். இப்போது ஒரு நிமிஷம். இறங்கி வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன், அடங்கிவிட்டது.

திருமலை பார்த்துவிட்டான். "இதெல்லாம் ஒரு மேட்டரா வாத்தியாரே? பிரஷர் கம்மி, கண்ணு கிளீனு. நடுக்கம் கீதானு கேட்டா இல்லைனு எழுதிட்டு வந்துனே இரு. ஒரு நிமிசம் நடுங்கறத எவன் வந்து பாக்கப் போறான்?"

அவன் சொன்னதும் சரிதான். மறுநாள் எல்லாம் நன்றாகவே போனது. எடை, கண், ரத்தம், பிரஷர், ஒன்றிலும் குறையில்லை. கடைசியாக ஒரு படிவம். "கை, கால் நடுக்கம் உண்டா?" என்று ஒரு வரி. அந்த வரியில் வருஷா வருஷம் இல்லை என்று எழுதிப் பழகிய கை. வேலூர் வண்டி கண்ணில் வந்து நின்றது. அந்த மூன்று வினாடியும் வந்து நின்றது. கண்ணாடிக்குக் கீழே தெரியாமல் போன அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். "உண்டு. வலது கால். திடீர் பிரேக்குக்குப் பின் ஒரு நிமிடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதனால் இன்னும் ஆறு வாரம் டிப்போவுக்குள்தான். ஆகஸ்டில் மறுபடியும் பார்ப்பார்கள். நடுக்கம் இல்லாவிட்டால் முதலில் கூட்டம் கம்மியான தண்டராம்பட்டு வண்டி, காலை ட்ரிப் மட்டும். வேலூர் வண்டி அதற்கப்புறம். பௌர்ணமி ஸ்பெஷல் இந்த வருஷம் எனக்குக் கிடையாது. திருமலை தலையில் அடித்துக்கொண்டான். ஜோதி மட்டும் பாயசம் வைத்தாள்.

எனக்கு வருத்தம் இல்லை பாப்பா. ஜனவரியில் என்னை ஐம்பது பேர் பார்க்க இறக்கினார்கள். குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்கு வந்தேன். இந்த முறை நானே இறங்கினேன். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி நடுவாசல் வழியாக வெளியே வந்தேன். சான்றிதழ் வாங்கிய அன்றைக்குக்கூட நான் அப்படி நடக்கவில்லை.

டாக்டர் அம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "டிரைவருங்க யாரும் இத எழுத மாட்டாங்களே. உங்கள பத்தி வேற யாராவது வந்து சொல்லிடுவாங்கனு பயந்து எழுதினீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். "என் தங்கச்சி ஜனவரியிலயே வந்து சொல்லிட்டா. நான்தான் அஞ்சு மாசம் லேட்டு."

உன் அண்ணன்
ராஜமாணிக்கம்